நகர்ந்த குதிரை

என் காதலியின் அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். சாமி இல்லை என்று சொல்லும் எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று சோதிக்கவே கடைக்குக் கூப்பிட்டு, சதுரங்கப் பலகையை விரித்தார்.

"கடிகாரம் இருந்தா, செஞ்சவன்னு ஒருத்தன் இருக்கணும்ல தம்பி?"

"அவர் ஒழுங்கா செஞ்சிருந்தா உங்களுக்கு ஏது மாமா தொழில்?"

அவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். "சரி, மேல ஒருத்தர் பாக்கறார்ங்கற பயமே இல்லாதவன் எப்படிப்பா யோக்கியனா இருப்பான்?"

"தண்ணி குடிச்சிட்டு வந்து சொல்றேன் மாமா" என்று எழுந்து போனேன். திரும்பியபோது, மூலையில் முடங்கிக் கிடந்த அவருடைய குதிரை என் ராணியை வெட்டத் தயாராக நின்றது.

"இது எப்படி மாமா இங்க வந்துச்சு?"

"நான் தொடவே இல்லையே!"

"அப்ப மேல இருக்கறவர்தான் நகர்த்தியிருக்கணும். அவரு உங்க கட்சியா?"

கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸ் கீழே விழும்படி சிரித்தார். "நானும்தான் ரெண்டு தடவ உள்ள போனேன். நீ ஏன் ஒண்ணையும் நகர்த்தல?"

"நகர்த்தி ஜெயிச்சா அது என்ன வெற்றி மாமா?"

அவர் குதிரையை மறுபடி மூலைக்கே அனுப்பினார்.

"கல்யாணத்துக்கு நாள் பாக்கலாம். ஆனா இந்தக் குதிரை விஷயத்த என் பொண்ணுகிட்ட மூச்சு விடாத."