ஜன்னலை மறைக்கவில்லை

பகல் முழுவதும் ஒல்ஃபாவின் பெயர் சோஃபி. அரபு நாட்டுத் துறைமுக நகரான பிஸெர்த்தாவின் அழைப்பு மையத்தில் வேலை. கடலுக்கு அப்பால் பிரான்சிலிருந்து பேசும் வாடிக்கையாளர்களுக்கு அரபுப் பெயர் உறுத்தக்கூடாது என்று நிறுவனம் சூட்டிய பெயர் அது. இணைய இணைப்பு அறுந்தவர்களின் வசவுகளையெல்லாம் சோஃபி வாங்கிக்கொள்வாள். மாலையில் வீடு திரும்பியபின் ஒல்ஃபா கால்பந்து பற்றி ஆங்கிலத்தில் எழுதுவாள். ஏதேனும் ஒரு கட்டுரையின் தலைப்புக்குக் கீழே தன் சொந்தப் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

அதற்கான வாசல் இப்போது சமூக வலைத்தளத்தில்தான் இருக்கிறது என்றார்கள். இதழாசிரியர்கள் அங்கேதான் வந்து, கட்டுரைக்கு யோசனை இருந்தால் அனுப்புங்கள் என்று கடை விரிப்பார்கள். ஒல்ஃபா கதவைத் தட்டாத ஆசிரியர் இல்லை. பார்த்துவிட்டார் என்பதற்கான குறி விழும்; பதில் விழாது. லண்டனில் ஓர் இணைய இதழை நடத்தும் ஹார்விக் மட்டும் ஒருமுறை எழுதினார். நடை நன்றாக இருக்கிறது, ஆனால் ஆட்டத்தைப் பற்றி யாரும் எழுதிவிடலாம், வேறு எவரும் நுழைய முடியாத ஓர் இடம் உங்களிடம் இருக்கிறதா, இருந்தால் ஒரு படத்தோடு பொதுவில் போடுங்கள், வாசகர் எப்படி வரவேற்கிறார்கள் என்று பார்ப்போம் என்றார்.

அப்படி ஓர் இடம் இருந்தது. அவள் வீட்டுக் கூடத்திலேயே அது விரிந்து கிடந்தது.

அண்ணன் வஜ்தி, ஊர் அணியின் ரசிகர் படைக்குத் தலைவன். நீர்க்காகங்கள் என்று அந்தப் படைக்குப் பெயர். ஆட்டந்தோறும் மைதானத்தின் வடக்குப் பார்வையாளர் மேடைக் கம்பியில் கட்டப்படும், நீர்க்காகம் வரைந்த பதாகைதான் அதன் உயிர். ஆட்டமில்லாத நாட்களில் அது எந்த வீட்டில் இருக்கிறது என்பது படையில் நம்பகமான ஒரு சிலருக்கு மேல் தெரியாது. மைதானத்துக்கு வெளியே அதைப் படம் எடுப்பதில்லை. எதிர்ப்படை அதைக் கைப்பற்றித் தன் மேடையில் தலைகீழாகத் தொங்கவிட்டால், பறிகொடுத்த படை அன்றோடு கலைந்துவிட வேண்டும். அந்தப் பெயரில் பின்பு எவரும் கொட்டு அடிக்கக்கூடாது. எங்கும் எழுதிவைக்கப்படாத இந்தச் சட்டத்தை, மற்ற எந்தச் சட்டத்தையும் மதிக்காத இளைஞர்கள் நாடு முழுவதும் மதித்தார்கள். சென்ற ஆட்டத்தில் காவலர்கள் பிடித்து இழுத்ததில் பதாகையின் ஓரம் கிழிந்துவிட்டது. அம்மாவிடம் தையல் இயந்திரம் இருந்ததால் அது வீட்டுக்கு வந்திருந்தது.

இவையெல்லாம் ஒல்ஃபாவுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் கவனமாக இருந்தாள். கூடம் நிறைய விரிந்த துணியையும் அதன்மேல் மண்டியிட்டு நூல் பிரித்துக்கொண்டிருந்த இளைஞர்களையும் அவர்கள் கவனிக்காதபோது ஒரே படத்தில் எடுத்தாள். முகங்களை மங்கலாக்கினாள், பெயர்களை நீக்கினாள், ஊரைக் குறிப்பிடவில்லை. கீழே, ஒரு துணிக்காக ஒரு படை வாழ்வதையும் சாவதையும் பற்றிச் சில வாக்கியங்கள் எழுதினாள். அவள் எழுதியதிலேயே செம்மையானவை அவைதாம். அன்று மாலைக்குள் படம் கைமாறிக் கைமாறி முன்பின் அறியாதவர்களிடமெல்லாம் போய்ச் சேர்ந்தது. இதைத்தான் கேட்டேன், எழுதி அனுப்புங்கள் என்று ஹார்விக்கிடமிருந்து செய்தி வந்தது. கட்டுரை வெளிவந்தபின் வஜ்தியிடம் காட்டலாம், தங்கை பெயரைப் பார்த்தால் கோபம் தங்காது என்று அவள் நினைத்தாள்.

அம்மா தைத்து முடித்த நாளில், ஒல்ஃபா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், இரண்டு பையன்கள் வந்தார்கள். வஜ்தி அண்ணன் அனுப்பினார், துணியை வாங்கிவரச் சொன்னார் என்றார்கள். பேச்சில் அத்தனை பணிவு. அம்மா அவர்களை உட்காரவைத்துப் பாதாம் சர்பத் கொடுத்தாள். இஸ்திரி போட்ட பதாகையை மடித்து, வெளுத்த தலையணை உறைக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினாள். இரவு வஜ்தி வந்து கேட்டபோது, நீ அனுப்பின பிள்ளைகள்தானே வாங்கிப்போனார்கள் என்றாள். அவன் யாரையும் அனுப்பியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைநகர அணியின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதன் ரசிகர் மேடையில் நீர்க்காகம் தலைகீழாகத் தொங்கியது. அம்மா போட்ட தையல்கூடத் தெரிந்தது. அந்தப் படை ஒல்ஃபாவின் படத்தையே எடுத்து மறுபடி வெளியிட்டு, வழி காட்டிய பத்திரிகையாளருக்கு நன்றி என்று மேலே எழுதியிருந்தது.

நீர்க்காகங்கள் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த காப்பிக் கடையில் கூடிப் படையைக் கலைத்தார்கள். பேச எதுவும் இல்லை என்பதால் கூட்டம் சீக்கிரம் முடிந்தது. வஜ்தி வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் நின்றான்.

"படத்தப் போட்டது நீயா?"

"முகமெல்லாம் மறைச்சிட்டுத்தாண்ணே போட்டேன்."

"ஜன்னல?"

அவள் தொலைபேசியில் படத்தைத் திறந்து பார்த்தாள். படத்தின் ஓரத்தில் ஜன்னல் திறந்திருந்தது. அதற்குள் கப்பல்களுக்காக மேலெழும் பாலமும், எதிர்வீட்டுப் பச்சை மாடியும் துல்லியமாக விழுந்திருந்தன.

"ஊர் பேரச் சொல்லாம ஊரையே காட்டியிருக்க. வந்தவனுக்கு வழி கேக்கற வேலையும் மிச்சம். அம்மா சர்பத் வேற குடுத்திருக்கா."

"தெரியாம பண்ணிட்டேண்ணே."

"சட்டம் தெரியும், ஜன்னல்தான் தெரியல. போகட்டும், எழுது. உன் பேரப் பெருசாப் போடச் சொல்லு. இந்த வீட்டுலேருந்து இன்னொண்ணும் எங்கயாவது தொங்கட்டும்."

குரலை அவன் உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு அழவாவது செய்திருக்கலாம். அதன்பின் அவன் அவளிடம் பேசவில்லை.

அவள் எழுதினாள். ஜன்னலையும் எழுதினாள். தன்மீது கருணை காட்டாத கட்டுரை அது. அதை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். ஹார்விக்கின் பதில் மிகவும் மரியாதையாக இருந்தது. நடந்தவை கதையை வேறு உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டன, முதல் கட்டுரை எழுதுகிறவர் தோளில் இத்தனை பாரம் ஏற்றுவது நியாயமில்லை, பாரிஸிலுள்ள எங்கள் நிருபர் மார்லோ அடுத்த வாரம் வருகிறார், உங்கள் அண்ணனையும் அம்மாவையும் அவருக்கு அறிமுகம் செய்துவைக்க முடியுமா, கடைசி வரியில் உங்களுக்கு நன்றி சொல்லிவிடுவோம் என்று எழுதியிருந்தார்.

கோபமாக ஒரு பத்தி எழுதி அழித்தாள். பணிந்து ஒரு பத்தி எழுதி அதையும் அழித்தாள். இந்த வாசலும் மூடினால் இன்னொன்று திறக்க எத்தனை காலமாகும் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் விரல்கள் தாமாகவே ஒரு வாக்கியத்தை எழுதின: உங்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி. அனுப்பிய பிறகுதான் கவனித்தாள், அது சோஃபியின் வாக்கியம்.

மார்லோ வந்த பிற்பகலில் வஜ்தியின் அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூடத்தில் தையல் இயந்திரத்தின் மேல் விரிப்புப் போட்டு மூடியிருந்தார்கள். மணி அடித்ததும் அம்மா போய், சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு கையகலம் திறந்தாள். வெளியே தோள்பையோடு நின்ற இளைஞன் புன்னகையோடு தன் பெயரைச் சொன்னான். அவன் பேச்சிலும் அத்தனை பணிவு. அம்மா திரும்பாமலேயே உள்ளே குரல் கொடுத்தாள்.

"ஒல்ஃபா, இவன யாரு அனுப்புனது?"

"நான்தாம்மா வரச் சொன்னேன்."

அம்மா சங்கிலியைக் கழற்றினாள். விருந்தாளி உட்கார்ந்தான், குறிப்பெடுக்கத் தொலைபேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். என்ன குடிக்கிறாய் என்று அந்த வீட்டில் அவனை யாரும் கேட்கவில்லை.