ஒருவர் மட்டும்

அக்கா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு அவள் மூன்றாம் கூடத்தில் நடந்துகொண்டிருப்பதாகத் திரை சொன்னது.

நான் கூடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து உட்கார்ந்தபோது கேள்வி காத்திருந்தது. அக்காவின் பணி எண். கீழே, ‘பொருத்தம் அறுபத்தொரு சதவீதம். சரியா, தவறா?’ பக்கத்தில் ஒரு சிறு காணொளி. கறுப்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு பெண் நடந்து போகிறாள். முதுகு மட்டும்தான் தெரிகிறது. அது நான்தான்.

தவறு என்று அழுத்தியிருக்க வேண்டும். என் வேலையே அதுதான். சரி என்று அழுத்தினேன்.

எங்கள் தரவு மையத்துக்கு ஜன்னல் கிடையாது. யார் யாருடைய வங்கிக் கணக்குகளோ, மருத்துவ அறிக்கைகளோ, கல்யாணப் படங்களோ அந்த அலமாரிகளுக்குள் சூடேறிக்கொண்டே இருக்கும். குளிர்காற்று ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்கும். இவற்றைக் காவல் காப்பது ஒரு செயற்கை நுண்ணறிவு. அதற்கு நிர்வாகம் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. எங்களுக்கு அது மாமியார். எங்கே போகிறோம், எவ்வளவு நேரம் நிற்கிறோம், எதைத் தொடுகிறோம் என்று பார்த்துக்கொண்டே இருப்பதால். முகத்தை அது நம்பாது, நடையைத்தான் நம்பும். ஒருவர் கடவுச்சொல் போட்டு சர்வருக்குள் நுழைந்தால், அவருடைய கால்களும் அதே கூடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும். இல்லையென்றால் கணினியையும் கதவையும் சேர்த்துப் பூட்டிவிடும். திருடன் இணையக் கம்பி வழியாக வந்தாலும் வாசல் வழியாக வந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

சந்தேகம் வந்தால் மட்டும் மனிதரைக் கேட்கும். அந்த மனிதர் நான். நான் சொல்லும் பதிலிலிருந்து கற்றுக்கொள்ளும்.

அக்கா கூடத்தில் பழுதான வட்டுகளை மாற்றும் வேலையில் இருந்தாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் நான் எல்லாருக்கும் தங்கச்சி ஆனேன். அவள் போன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. யாருக்குத் தங்கச்சி என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

கூடத்துக்குள் போக ஒரு சின்னக் கண்ணாடி அறையைக் கடக்க வேண்டும். வெளிக்கதவு மூடிய பிறகுதான் உள்கதவு திறக்கும். ஒட்டிக்கொண்டு இன்னொரு ஆள் நுழைந்துவிடக் கூடாது என்று, மேலே ‘ஒருவர் மட்டும்’ என எழுதியிருக்கும். கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மாமியார் ஆளைப் பார்த்து முடிவுசெய்யும். எங்களுக்கெல்லாம் ஐந்து விநாடி. முட்டி சரியில்லாத அக்காவுக்குப் பதினொன்று.

“பாத்தியாடி, மாமியாருக்கு என் மேல தனிப் பாசம்,” என்பாள். “உன்னையெல்லாம் கழுத்தப் பிடிச்சுத் தள்ளாத குறை. எனக்குன்னா கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.”

நான் சிரிப்பேன். ஆனால் முழுதாகச் சிரித்ததில்லை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அவள் ஓட்டிய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, சக்கரத்துக்குள் காலை விட்டது நான். எனக்குச் சிராய்ப்பு. முட்டி உடைந்தது அவளுக்கு.

பணியில் இல்லாதவரின் நடைப்பதிவை முப்பது நாளுக்குள் நான் அழிக்க வேண்டும். அக்காவின் கடவுச்சொல்லை உடனே மூடிவிட்டேன். நடையை அழிக்கக் கை வரவில்லை. வீட்டில் இருக்கும் படங்களில் எல்லாம் அவள் நிற்கிறாள், அல்லது உட்கார்ந்திருக்கிறாள். நடக்கிற அக்கா இங்கே மட்டும்தான் இருந்தாள்.

அவளுடைய வேலைக் காலணியும் என்னிடம் இருந்தது. அம்மா அதைக் குப்பையில் போடப் போனபோது நான்தான் பிடுங்கிக்கொண்டேன். இடது குதிகால் உட்பக்கமாகத் தேய்ந்த காலணி. எனக்குச் சரியாகவே இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அந்த அறுபத்தொரு சதவீதம் வந்தது.

அதன் பிறகு தினமும் கேட்டது. தினமும் சரி என்றேன். எழுபது. எண்பத்திரண்டு. ஒரு நாள் மாலை வெறுங்காலோடு சமையலறைப் பக்கம் போனேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, “யாரு, பெரியவளா?” என்றாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். நான் காலணியே போட்டிருக்கவில்லை.

தொண்ணூறைத் தாண்டிய வாரம் கண்ணாடி அறையின் கதவு எனக்குப் பதினோரு விநாடி திறந்திருந்தது. நான் மூன்றே விநாடியில் கடந்துவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் அது மூடாமலே நின்றது. பின்னால் வருகிற யாருக்காகவோ பிடித்துக்கொண்டு நிற்பதைப் போல. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமை முதல் மாமியார் யாரையும் கேட்காது, தானே முடிவெடுக்கும். பதிவில் குழப்பம் உள்ளவர்களுக்குக் கதவு திறக்காது, விசாரணை உண்டு. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஒவ்வொருவரும் கண்ணாடி அறையைக் கடந்து காட்ட வேண்டும். எனக்கு மூன்று நாள் இருந்தது. அக்காவை அழித்தால் வேலை தப்பும். மூன்று நாளும் அவளுடைய பதிவுப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடினேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு உள்ளே போனேன். வெளிக்கதவு மூடியது. உள்கதவு திறக்கவில்லை. சுவரில் இருந்த சிறிய திரையில் ஒரே ஒரு சொல் வந்தது: இருவர்.

ஒலிபெருக்கியில் பல்லியின் குரல். மாமியாரின் நிரலைப் பராமரிப்பவர். எச்சரிக்கை வரும்போதெல்லாம் நாக்கைத் தட்டிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர்.

“தங்கச்சி, உன் பின்னாடி யாரு?”

“யாரும் இல்ல. நல்லாப் பாருங்க.”

“பாத்துட்டேன். தரை காட்டற எடை அம்பத்து நாலு. ஒரு ஆளுதான். மாமியார் ரெண்டுங்குது.” ச்ச், ச்ச். “இரு, பதிவப் பாக்கறேன். தின்ன சோத்துக்கு வேலை குடுக்கறியே.”

ஒலிபெருக்கியில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

“அக்காவோட நடை இன்னும் உள்ள இருக்கு,” என்றார். “நூத்தி நாப்பத்து மூணு தடவ சரின்னு போட்டிருக்கு. உன் கைரேகையில.”

“ம்.”

“ஏன்?”

“அவ நம்பர் திரையில வரும்ல. அதுக்காக.”

“அடப் பைத்தியமே.” திட்டுகிற குரலாக இல்லை. “இருபது நிமிஷத்துல மேலதிகாரி வந்துருவார். பாத்தார்னா உன்னோட சேத்து என்னையும் மூட்டை கட்டச் சொல்லுவார். அங்க இருக்கற திரையிலயே கைய வெச்சு அழிச்சுடு. அதுக்கு அதிகாரம் உனக்குத்தான் இருக்கு.”

“அழிச்சா அவ மட்டும்தான் போவாளா?”

“ரெண்டும் பின்னிப் போச்சு. உன்னோடதும் கூடவே போயிரும். உள்கதவ நான் இங்கேருந்து திறந்து விடறேன். நீ புதுசா நடந்து காட்டு. உனக்கென்ன, நடக்கலாம்.”

சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமினார்.

திரையை நோக்கிக் கையை நீட்டினேன். எட்டவில்லை. அப்போதுதான் கவனித்தேன், நான் அறையின் நடுவில் நிற்கவில்லை. வலப்பக்கக் கண்ணாடியோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். இடது பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டிருந்தேன். எப்போதிலிருந்து இப்படி நிற்கிறேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

அந்தக் காலி இடத்தைப் பார்த்து, இருபத்தெட்டு வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். “ரொம்ப வலிச்சுதாக்கா?”

“என்ன சொன்ன?” என்றார் பல்லி.

“உங்கள இல்ல.”

கையை வைத்தேன். ‘அழிக்கவா?’ என்றது. அழுத்தினேன். பணி எண் போயிற்று. அதன் அடியில் இருந்த என் எண்ணும் போயிற்று. உள்கதவு விலகியது, கூடத்துக்குள் காலை வைத்தேன். பின்னால் கதவு மூடியது.

பிறகு, காலியாகிவிட்ட கண்ணாடி அறையின் வெளிக்கதவு திறந்தது.

“நான் திறக்கல,” என்றார் பல்லி. “தங்கச்சி, நீ ஏதாவது தொட்டியா?”

நான் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து ஆயிற்று. மூடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடைபாதையில் யாரும் இல்லை. விளக்குகள் மட்டும் ஒவ்வொன்றாக எரிந்தன, மெதுவாக, ஆள் நடக்கும்போது எரிவதைப் போல. ஒன்பது. பத்து. பதினொன்றில் கதவு மூடியது. திரையில் வந்தது: ஒருவர் வெளியேறினார்.

“ஏதோ பழைய கட்டளை மிச்சம் இருந்திருக்கும்,” என்றார் பல்லி. நாக்கைத் தட்டவில்லை. “சரி விடு. நேரம் ஆகுது. பத்து அடி நட. உன் நடை வேணும்.”

காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். தரை சில்லென்று இருந்தது. அலமாரிகளுக்கு நடுவே பாதை நேராக நீண்டு கிடந்தது. மேலே கேமராவின் சிவப்புப் புள்ளி காத்திருந்தது.

“தங்கச்சி, நடம்மா.”

எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது வழக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.