சார்லினா வீட்டுப் போர்வை

...வரமாட்டேன் போ என்று, போர்வை தைக்கக் கூப்பிட வந்த கல்யாணப்பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம், ஆனால் சொன்னால் என்ன ஆகும், யாகோபாவுக்கு வயிற்றெரிச்சல், தன் மகளை விட்டுவிட்டு ஆப்ரி வேறொருத்தியைக் கட்டுகிறானே என்று உள்ளே கிடந்து வேகிறாள் என்று தெரு முழுக்கப் பேசுவார்கள், அந்தச் சந்தோஷத்தை இவர்களுக்குக் கொடுப்பாளா அவள்? கொடுக்கமாட்டாள். அதனால்தான் வந்தாள், வந்து மாப்பிள்ளையின் அம்மா சார்லினாவின் அடுப்படியிலேயே உட்கார்ந்து அவள் மகனுக்கே கல்யாணப் போர்வை தைத்துக்கொண்டிருக்கிறாள். மாவு மூட்டைச் சாக்குகளைப் பிரித்துக் கழுவி அடித்துணியாக விரித்து, மேலே பழைய கம்பளி, அதற்கும் மேலே தெருவில் ஒவ்வொரு வீடும் கொடுத்த துண்டுத்துணிகள், யாரோ ஒருவரின் சட்டை முதுகு, பாவாடைக் கரை, திரைச்சீலையில் வெயில் படாத பாகம்... மூலைக்கு ஒருத்தியாக உட்கார்ந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு வரவேண்டும். எதிர்மூலையில் சார்லினா. வேண்டுமென்றே உட்கார்ந்திருப்பாள். யாகோபா அந்தப் பக்கம் தலையைத் தூக்கவில்லை, கத்தரிக்கோல் சார்லினாவின் மடியில் கிடந்தாலும் பக்கத்திலிருக்கும் கிரேட்டாவைத்தான் கேட்கிறாள். ஒரு வருஷத்துக்கு மேலாகிறது இப்படி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பிவேலிதான், தினமும் காலையில் ஆடுகளைத் திறந்துவிட வரும்போது அந்தப் பொம்பளை "யாகோபா, ராத்திரி தூங்கினியா?" என்று கேட்பாள், வெட்கமே இல்லாமல், தினமும், இவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கிரேட்டாவுக்கு வாய் ஓயவில்லை, "சாக்குல இன்னும் மாவு வாசனை அடிக்குதுடி, புருசனும் பொண்டாட்டியும் நடுராத்திரில எந்திரிச்சு ரொட்டி சுடப்போறாங்க" என்கிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்...

மடியில் மஞ்சள் துணி. மகள் லீசலின் கவுன். ஆப்ரி கடலோர வைரச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து முதல் லீவுக்கு வந்தபோது வாங்கி வந்தது, அதைப் போட்டுக்கொண்டு மகள் சர்ச்சுக்கு நடந்த அன்று யாகோபா எவ்வளவு மெதுவாக நடந்தாள், எல்லோரும் பார்க்கட்டும் என்று... பிறகு ஒரு நாள், "இனிமே அந்தக் கல்யாணப் பேச்சு இல்லம்மா" என்றாள் லீசல், அவ்வளவுதான், ஏன் என்ன ஒன்றும் கிடையாது, மூஞ்சியைக்கூடக் காட்டாமல் துணிகளை மடித்துக்கொண்டு கேப் டவுனுக்குப் பஸ் ஏறிவிட்டாள், பழங்களைப் பெட்டியில் அடைக்கும் கம்பெனியில் வேலையாம். கேட்கவேண்டுமா, பெற்றவளுக்குத் தெரியாதா? கையில் சம்பளம் வந்ததும் பையனுக்குக் கண் உச்சிக்குப் போய்விட்டது, லாரிக்காரன் மகள் மெர்சியாதான் வேண்டும் என்று சார்லினா ஓதியிருப்பாள், இதே சார்லினா, சின்ன வயதில் இவளோடு ஒரே தட்டில் தின்றவள்! காலையில் ஆணியில் தொங்கிய கவுனை எடுத்து, மேசையில் போட்டு, கழுத்திலிருந்து இடுப்புவரை சரக்கென்று வெட்டினாள். நடுவில் வைத்துத் தைக்கவேண்டும், இரண்டு பேரின் நெஞ்சுக்கும் நேரே. மலைக்காற்று இறங்கும் ஒவ்வொரு குளிர்கால இரவிலும் அதன் கீழே கிடக்கட்டும் இரண்டு பேரும். தையலை இழுத்து இழுத்துப் போட்டாள், துணி சுருங்கும் அளவுக்கு.

மெர்சியா காப்பிக் கோப்பைகளோடு வந்தவள் குனிந்து பார்த்தாள். "அய்யோ, இந்த மஞ்சள் எவ்வளவு அழகா இருக்கு! யார் வீட்டுது ஆன்ட்டி?"

"என் மகளுது." எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள் யாகோபா. "உன் மாப்பிள்ளை வாங்கிக் குடுத்தது. வாக்குக் குடுத்துட்டுக் கழட்டிவிட்டானே, அவன் குடுத்த துணி. அவனே போத்திக்கட்டும்."

கிரேட்டாவின் வாய்கூட நின்றுவிட்டது. அந்தப் பெண் அழுவாள் என்று காத்திருந்தாள் யாகோபா, ஆனால் மெர்சியாவின் முகத்தில் வந்தது அழுகை இல்லை, குழப்பம். "கழட்டிவிட்டானா? லீசல்தானே வேண்டாம்னா! ஆப்ரி கேப் டவுன் வரைக்கும் போயி கெஞ்சிட்டு வந்தான். அப்புறம் அவளே எனக்குப் போன் பண்ணி, நல்லா இருங்கன்னு..."

"மெர்சியா!" என்றாள் சார்லினா.

பொய்... பொய்தானே? ஆனால் ஏன் யாருமே அவளைப் பார்க்கவில்லை, கிரேட்டா ஏன் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருக்கிறாள், அப்படியென்றால் இவளுக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும்... "என்கிட்ட ஏன் சொல்லல?" யாகோபா மெர்சியாவைத்தான் கேட்டாள். பதில் எதிர்மூலையிலிருந்து வந்தது.

"நாந்தான் யாரையும் சொல்லவிடல. லீசல் இங்கதான் வந்து உக்காந்து அழுதா, யாகோபா. ஆப்ரி மேல ஆசையே வரல ஆன்ட்டி, அம்மாவுக்காகத்தான் சரின்னேன்னா. எனக்கு மட்டும் வலிக்கலையா? என் மகன்தானே! ஆனா என் கையப் புடிச்சுக்கிட்டா, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னு."

"அடிச்சுக் கொன்னுடுவேனாமா அவள?" இதையும் மெர்சியாவிடம்தான் கேட்டாள்.

"அடிச்சாக்கூடப் பரவாயில்லைன்னா. சித்திகிட்ட சாகறவரைக்கும் அம்மா பேசல, என்கிட்டயும் அப்படித்தான் பேசாமப் போயிடுவாங்கன்னா." சார்லினா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "சரி, கோவம் என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

காதுமடல் வரை சூடேறியது யாகோபாவுக்கு. யாரைக் கேட்டு விட்டாள் இவள்? என் மகள் கண்ணீரைத் துடைக்க இவள் யார், தினமும் வேலியோரம் நின்று தூங்கினியா தூங்கினியா என்று கேட்டாளே, உள்ளுக்குள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டா? அதைவிடக் காறித் துப்பியிருக்கலாம். அந்தக் கழுதை லீசல், பெற்றவளை விட்டுவிட்டு வேலி தாண்டி வந்து இந்த மடியில்... தங்கச்சி கதையை இங்கே யார் இழுத்தது? அது வேறு. அம்மாவின் இரும்புச் சட்டி யாருக்கு என்பதில் தொடங்கியது, நியாயம் தன் பக்கம்தான், தங்கச்சி வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பேசியிருப்பாள், அவள் சாகக் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குக்கூடப் போனாளே, கட்டில் பக்கத்தில் நின்றாளே, அவள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு... பேசத்தானே போனாள்?

"ஏதாவது சொல்லேன், யாகோபா," என்றாள் சார்லினா. "திட்டவாவது செய்."

திட்டத்தான் நிமிர்ந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தை நேராகப் பார்த்தாள், கன்னம் ஒட்டியிருந்தது, எப்போது இப்படி இளைத்தாள்? வார்த்தை இருந்தது, வண்டி வண்டியாக இருந்தது, நெஞ்சு வரை வந்து முட்டியது, உதட்டைப் பிரித்தாள், ஒன்றும் வெளியே வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். இன்னொரு முறை பிரித்தாள். நினைத்த நேரத்தில் வாயைத் திறந்துகொள்ளலாம் என்றல்லவா இத்தனை காலமும் மூடி வைத்திருந்தாள்...