பாடைக்குப் பின்னால் வந்த பேருந்து

ஆரணிக் கடைத்தெருவில் காலை ஏழு முதல் ஒன்பது வரை பேருந்துகளைத் தவிர வேறெந்த வண்டியும் நுழையக் கூடாது என்ற விதி, அன்புச்செல்வன் ஈராண்டு மனுவோடு அலைந்து பெற்றது. செய்யாற்றுத் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்து சரக்கு வண்டிகளுக்கிடையே சிக்கிச் சிக்கித் தாமதமானதாலேயே அவன் மனைவி சுகன்யா வேலையை இழந்திருந்தாள்.

விதி வந்த பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, எட்டரை மணிக்கு அதே தெருவில் அவன் தந்தை பொன்னுசாமியின் பாடை வந்தது. ஒன்பதுக்கு இராகு காலம். அதற்குமுன் தெருவைக் கடந்தாக வேண்டும் என்பது பெரியவர்கள் முடிவு.

கொள்ளிச் சட்டியுடன் முன்னால் நடந்த அன்புச்செல்வன், பின்னால் பேருந்து வந்துவிட்டதை உணர்ந்தான். ஓட்டுநர் ஒலி எழுப்பவில்லை. பிணத்தைத் தாண்டி வண்டி ஓட்டும் வழக்கம் அவ்வூரில் எவருக்கும் இல்லை. ஊர்வலத்தின் பின்னால் பேருந்தும் ஊர்ந்தது.

பட்டுக்கடை துரை பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது.

"அவங்க அப்பாவுக்குன்னா சட்டம் கெடையாதா? திங்கக்கெழம நம்ம லோடு வண்டியும் உள்ள வரும், பாரு."

அன்புச்செல்வன் நின்றான். "ஓரமா நில்லுங்க. பஸ்ஸு போவட்டும்."

பாடையின் முன்கொம்பைச் சுமந்திருந்த சித்தப்பா தனகோடி கொதித்தார். "புத்தி கெட்டுப் போச்சாடா? உங்கப்பன் இன்னா லோடு மூட்டையா, ஓரங்கட்டி நிறுத்த?"

"ரெண்டே நிமிஷம் சித்தப்பா. நான் கேட்டு வாங்கின சட்டம். இன்னிக்கு வுட்டா நாளைக்கு நிக்காது."

பாடை சாக்கடையோரம் ஒதுங்கியது. ஆனாலும் பேருந்து நகரவில்லை. அவன் சட்டியுடன் ஓட்டுநரின் சன்னலருகே போனான்.

"போங்கண்ணா."

"அது எப்பிடிங்க? தாண்டிப் போவக் கூடாதுங்களே."

"மனுவுல மொதக் கையெழுத்து எங்கப்பாதுங்க. போங்க."

ஓட்டுநர் தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வண்டியை மெல்ல நகர்த்தினார். துரை பார்வையைத் திருப்பிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

"எங்கண்ணன தெருவுல நிக்க வெச்சிட்ட. நான் வரலடா," என்று தனகோடி தோளை விலக்கினார். சாய்ந்த கொம்பை உறவினர் முருகேசன் ஓடிவந்து தாங்கினார். தனகோடி வீட்டை நோக்கி நடந்தார். அன்புச்செல்வன் சட்டியுடன் மறுபடி பாடைக்கு முன்னால் போய் நின்றான்.

தெருமுனையில் அடுத்த பேருந்து திரும்பியது. ஒன்பதாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"ஓரமாவே போங்க," என்றான்.