சாக்பீஸ் வட்டத்துக்கு வெளியே

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி எங்கள் தொழிற்சாலையில் யாருக்கும் மூளை வேலை செய்யாது. அன்றைக்குள் லாரி ஏறினால்தான் சரக்கு அந்த வருஷக் கணக்கில் சேரும். அதனால் நட்டு பாதி முடுக்கியதெல்லாம்கூட கேட்டைத் தாண்டிவிடும். மீதியை முடுக்க ஏப்ரலில் ஆள் அனுப்புவார்கள்.

எழுபத்தெட்டில் அந்தக் கூத்தில் என்னையும் இழுத்துவிட்டார்கள். நான் கம்பெனி போட்டோகிராபர். மந்திரி வந்தால் மாலை, ரிடையர் ஆனால் சால்வை, அவ்வளவுதான் என் வித்தை. வெல்டிங்கைப் படம் எடுக்கிற ரமணி லீவில் ஊருக்குப் போய்விட்டார். கிளம்ப வேண்டிய சரக்கு ஒரு பெரிய இரும்பு உருளை. நீராவியை அடைத்து ஓட்டப்போகிற உருளை. வாங்குகிறவர்களின் இன்ஸ்பெக்டர் சக்ரபாணி அதன் வாய்க்குள் கைக்கண்ணாடியை நீட்டிப் பார்த்து, உள்கூரையில் ஒரு சின்னக் குழியைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார். அதைப் படம் எடுத்து ஃபைலில் வைத்தால் கையெழுத்துப் போடுவாராம்.

"நீங்க இருக்கச்சே ரமணி எதுக்கு சம்பந்தி? ரெண்டு நிமிஷ வேலை," என்றார் வெங்கடகிருஷ்ணன். உருளையைச் செய்து முடித்த ஷாப்புக்கு அவர்தான் மேனேஜர். அவர் பிள்ளை வாசுவுக்கும் என் பெண் கல்பகத்துக்கும் வைகாசியில் கல்யாணம். செகந்திராபாத்தில் சத்திரம் பேசியாகிவிட்டது. அன்று காலையில்தான் பத்திரிகை ப்ரூஃபைத் திருத்தித் தரச் சொல்லி அவர் கையில் கொடுத்திருந்தேன். அப்படிப்பட்டவரிடம் என் தொப்பையைக் காரணம் காட்டி மறுப்பது எப்படி?

உருளைக்குள் பாதிக்கு மேல் குழாய்கள். அவற்றின் மேல் மல்லாந்து படுத்தால் மார்புக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். கேமராவையும் ஒரு கைவிளக்கையும் மார்பில் வைத்துக்கொண்டு கால் முதலில் நுழைந்தேன். ஷாப் ஆட்கள் கவுஸும் யாதகிரியும் தோளைப் பிடித்துத் தள்ள, என் வயிறு ஒரு குறுக்குப் பட்டிக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. தலை மட்டும் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

"சாப் ஃபிட் ஹோகயா!" என்று, நான் உருளைக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டதாகக் கவுஸ் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேமராவுக்குப் பின்னால் தலையை வைக்க அங்கே இடமில்லை. அதற்குத்தான் ரமணியின் அலமாரியிலிருந்து ஒரு குழல் கொண்டுபோயிருந்தேன். மடக்கிய முழங்கை மாதிரி இருக்கும். கேமராவில் நாம் கண் வைக்கிற இடத்தில் மாட்டிவிட்டால், மார்பின் மேல் கிடக்கிற கேமரா கூரையைப் பார்க்கும், நான் தாடையருகில் குழலுக்குள் பார்ப்பேன். நல்ல சாமான். ஆனால் இடதை வலதாகக் காட்டித் தொலைக்கும். வட்டம் ஓரமாகத் தெரிந்தது. அதை நடுவுக்குக் கொண்டுவர நகர்த்தினேன். வட்டம் ஓடியே போய்விட்டது. பழக்கமில்லாத கை, தப்பான பக்கம் தள்ளிவிட்டது.

திட்டிக்கொண்டே பார்த்தவன் கையை அப்படியே நிறுத்தினேன். பட்டியின் மறைவில், வட்டத்துக்கு நாலு விரல் தள்ளி, வெல்டிங் ஓரமாக மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. தூசியாக இருக்கும் என்று விரலை நீட்டித் துடைத்தேன். போகவில்லை. நகம் அதில் மாட்டியது.

வெங்கடகிருஷ்ணனை நல்ல மனுஷர் என்று நம்பினேன். அதனால் அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

"சம்பந்தி, வட்டத்துக்கு வெளியே விரிசல் இருக்கு."

"ஸார், நீங்க போய் டீ சாப்பிட்டுட்டு வாங்கோ. ஏய், நீங்களும் போங்கடா," என்று அவர் எல்லோரையும் அனுப்புவது கேட்டது. சக்ரபாணி காதில் நான் சொன்னது விழவில்லை போலிருக்கிறது.

"என்னை முதல்ல வெளியே இழுங்கோ," என்றேன்.

"இழுக்கலாம், என்ன அவசரம்? வட்டத்தை எடுத்துடுங்கோ. அதைத்தானே கேட்டார்?"

"நீராவி அடைச்சா பக்கத்துல நிக்கறவன் என்ன ஆவான்?"

"அதெல்லாம் டெஸ்ட்ல பாத்துப்பா. வாசு நேத்திக்குக் கல்பகத்துக்குப் புடவை பாத்துட்டு வந்தான். மாம்பழ கலர்." 

அவர் மிரட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். புடவையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அசைந்து பார்த்தேன். பட்டி வயிற்றில் பதிந்தது. சட்டை நனைந்துவிட்டது. வட்டத்தை எடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளடா, உன் வேலை மாலையும் சால்வையும்தானே என்று மனசு கெஞ்சியது. பயந்துபோயிருந்தேன்.

"ஒரு தடவை நீங்களே பாருங்கோ சம்பந்தி," என்றேன். "அப்புறம் நீங்க சொல்றபடி."

அவர் குனிந்து தலையையும் ஒரு தோளையும் உள்ளே விட்டார். நான் கன்னத்தைக் குழாயோடு ஒட்டிக்கொண்டு, குழலை அவர் பக்கம் திருப்பினேன். விபூதி வாசனை அடித்தது. விளக்கை விரிசலுக்கு நேராகப் பிடித்தேன். அவர் கண் குழலில் ஒட்டியது. வாய் லேசாகத் திறந்தது. மூச்சு நின்று, பிறகு வந்தது. பார்த்துவிட்டார். சந்தேகமே இல்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார்.

அவ்வளவு பக்கத்தில் ஒரு மனுஷன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த வீட்டுக்கா என் பெண்ணை அனுப்பப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கண் குழலில் இருக்கும்போதே பட்டனை அழுத்தினேன்.

"என்ன, இருட்டிடுத்து?"

"படம் எடுத்தா ஒரு நொடி அப்படித்தான் இருட்டும்."

அவர் தலையை வெளியே எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு காகிதம் உள்ளே வந்து என் கழுத்தில் விழுந்தது. பத்திரிகை ப்ரூஃப். ஒரு எழுத்துக்கூடத் திருத்தவில்லை. காலடிச் சத்தம் தூரப் போயிற்று. என்னை இழுக்கச் சொல்லி அவர் யாரையும் கூப்பிடவில்லை.

கல்பகத்தின் பெயரும் வாசுவின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தன. அவள் அவனைப் பிடித்திருக்கிறது என்று தானாக வாய் திறந்து சொன்னவள். அழுகை வந்தது. அழக்கூட அங்கே இடமில்லை, குலுங்கினால் பட்டி குத்தியது.

டீ முடிந்து சக்ரபாணிதான் முதலில் வந்தார். "என்ன ஸார், இன்னும் உள்ளேயா? கையைக் கொடுங்கோ."

"கை இருக்கட்டும். முதல்ல கேமராவை வாங்கிக்கோங்கோ. வட்டத்துக்கு வெளியே எடுத்திருக்கேன். நீங்களே கூட நின்னு ஃபிலிமைக் கழுவிப் பாருங்கோ. அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதீங்கோ."

அவர் கேமராவை வாங்கிக்கொண்டு போனார்.

கவுஸும் யாதகிரியும் என் அக்குளுக்குள் கைகொடுத்தார்கள். "ஹிலோ நக்கோ சாப், அசையாதே, மூச்சை வெளியே விடு சாப்," என்றான் கவுஸ். மூச்சை விட்டு வயிற்றைச் சுருக்கியிருந்தால் வந்திருப்பேன். நான் விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், கல்பகத்திடம் என்ன சொல்வது என்று தெரிகிற வரைக்கும், உள்ளேயே கிடந்தால் போதும் என்றிருந்தது.