ஒரே பெயரில் ஐந்து பேர்

நிஸ்றா திரையில் எட்டுப் பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோர்வேயிலுள்ள ஒரு மருந்துக்கடையின் இணையத்தளத்தை எட்டு சேர்வர்கள் தாங்கின. ஐந்து ஒரு கிளவுட்டில், மூன்று இன்னொன்றில். வருகிறவர்களை அவற்றுக்குப் பங்கிட்டு அனுப்பும் லோட் பலன்சர்களை, மட்டக்களப்பு நகரில் பேக்கரிக்கு மேலிருந்த அறையிலிருந்து, ஒரே மேலாண்மைத் தளத்தின் வழியாக இயக்கினார்கள். அந்தத் தளத்துக்கு நிறுவனம் வாங்கியிருந்தது ஒரேயொரு கணக்கு. அது ரதீஸின் பெயரில் இருந்தது. அந்த அறையில் வேலைசெய்த ஐந்து பேரும் அதைக்கொண்டுதான் தளத்துக்குள் நுழைந்தார்கள்.

சேர்வர் உயிரோடிருக்கிறதா என்று லோட் பலன்சர் பத்து விநாடிக்கொரு தடவை கேட்டுப்பார்க்கும் முகவரியை அவள் மாற்றி எழுதினாள். ஓர் எழுத்து விடுபட்டது. சேமித்தாள். புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பதில் வராததால் எட்டும் செத்துவிட்டன என்று எடுத்துக்கொண்டு, லோட் பலன்சர் மருந்து வாங்க வந்த எல்லோரையும் வாசலிலேயே திருப்பியது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்த இருபத்தேழு நிமிடம் போனது. ரதீஸ் அன்று லீவில், மனைவியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தான்.

மறுநாள் காலை முகாமையாளர் சதீஸ்குமார் எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஆர் செய்த?"

நிஸ்றா மேசை விளிம்பைப் பார்த்தாள். அவளை வேலையில் நிரந்தரமாக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கட்டாரில் வேலை போன வாப்பா காத்தான்குடியில் வீட்டோடு இருந்தார்.

"பதிவில ரதீஸ்ட பேர்தான் கிடக்கு," என்றார் சதீஸ்குமார்.

"நேற்று நான் வரவே இல்லையே, சேர்," என்றான் ரதீஸ்.

"நோர்வேக்காரங்களுக்கு ஒரு பேர்தான் வேணும்."

பதினொரு மணிக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுத்தார்கள். ரதீஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிஸ்றாவின் மேசையடிக்கு வந்தான்.

"தங்கச்சி, முகவரிய மாத்தினா முதல்ல ஒரு சேர்வர்ல மட்டும் போட்டுப் பாருங்க. மறுகா மற்றதுக்கு."

அவனுக்குத் தெரிந்திருந்தது. அவளால் நிமிர முடியவில்லை.

"அண்ணன்..."

"விடுங்க. எல்லாருக்கும் பிழை வாறதுதான்."

அவன் படியிறங்கிய பிறகுதான் அவள் சதீஸ்குமாரிடம் போனாள்.

"செஞ்சது நான்தான், சேர்."

அவர் கதவைச் சாத்தினார். "தெரியும், பிள்ள. அவர் லீவு எண்டு எனக்குத் தெரியாதா? ஒரு கணக்க அஞ்சு பேர் பாவிக்கிறம் எண்டு வெளிய தெரிஞ்சா நோர்வேக்காரங்க விட்டுட்டுப் போயிருவாங்க, ஒருத்தருக்கும் இஞ்ச வேலையில்ல. அவர்ட பேரோட அறிக்கையும் அவங்களுக்குப் போயிற்று."

"நான் அவங்களுக்கு எழுதுறன், சேர்."

"எழுதுங்க. எழுதிப்போட்டு மற்ற மூணு பேரையும் வீட்ட போகச் சொல்லுங்க."

அவள் திரும்பி வந்து மின்னஞ்சலைத் தொடங்கினாள். நான்கு வரி எழுதினாள். பக்கத்து மேசை உசாந்தி சோற்றுப் பெட்டியைத் திறந்து, பொரித்த மீன்துண்டொன்றை அவளுடைய பெட்டி மூடியில் வைத்தாள். நிஸ்றா நான்கு வரிகளையும் அழித்தாள்.

ஜன்னலுக்குக் கீழே, எதிர்ப்புற பஸ் தரிப்பிடத்தில் ரதீஸ் இன்னும் இருந்தான். வழக்கமாக மாலை ஐந்தரை பஸ்ஸில்தான் அவன் பெரியகல்லாற்றுக்கு வீடு போவான். அந்த வழியே போகும் கல்முனை பஸ் வந்து நின்றது. நடத்துனர் கூப்பிட, அவன் கையசைத்துப் போகச் சொன்னான். அடுத்ததையும் விட்டான். அப்போது மணி ஒன்றேகால். வெயில் கால்வரை வந்ததும் எழுந்து, இருந்த வாங்குப்பலகையின் மறு மூலையில் போய் உட்கார்ந்தான்.