வெண்டெலுக்கு மட்டும் செல்லும் ஓட்டு

வெண்டெல் மெக்காஸ்லண்ட் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினன். எங்கள் சின்னத் தீவு மாகாணத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பான். முகத்தைத் தொங்கப்போடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

கட்சிகளுக்கு வாங்கிய ஓட்டுக்குத் தகுந்தபடி இடம் கிடைக்குமாறு தேர்தல் முறையை மாற்றலாமா என்று ஓட்டெடுப்பு நடத்தி அரசாங்கமே எங்களைக் கேட்டது. "நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் எனக்கு வேதம்," என்று எங்கள் ஊர் மண்டபத்தில், சிங்கி இறாலைக் கடித்துக்கொண்டே சொன்னான் இவன். மாற்று என்றார்கள் ஜனங்கள். உடனே ஐயாவுக்கு ஞானம் பிறந்துவிட்டது. பாதிப் பேர்கூட ஓட்டுப் போட வரவில்லையாம், அதனால் அது வெறும் யோசனைதானாம். தலைநகர் சார்லட்டவுன் சட்டமன்றத்தில் அதை எதிர்த்துக் கைதூக்கப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு.

சட்டமன்றம் கூடுவதற்கு முதல் நாள் மாலை, அதே மண்டபத்தில் அடுத்த தேர்தலுக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். தலைவி நான். வெளியே ஐஸ் மழை. நானூறு உறுப்பினர்களில் ஐம்பது பேர்கூட வரவில்லை. வெண்டெலை எதிர்த்து வெர்னா நின்றாள். சீட்டுகளை எண்ணினோம், வெண்டெல் ஜெயித்திருந்தான். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நன்றி சொல்ல மேடையேறினான்.

"உக்காருப்பா," என்றேன். "பாதிப் பேருகூட வரலை. இது வெறும் யோசனைதான். கமிட்டி நிதானமா யோசிச்சுச் சொல்லும்."

"என்ன தெல்மாக்கா, விளையாடுறீங்களா? வராதவன் வீட்ல குந்திக்கிட்டிருந்தா அது என் தப்பா? வந்தவங்க போட்டதுதான் கணக்கு!"

மண்டபமே கொல்லென்று சிரித்தது.

"அப்படிப் போடு! இதையே நாளைக்குச் சட்டசபையில சொல்லு ராசா," என்றாள் வெர்னா.

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

அவன் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினான்.

"பேசாம வெர்னாவுக்கே குடுத்துடுங்கக்கா," என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் விழுந்த ஓட்டை நானும் தூக்கிப் போட்டால் இந்தப் பயலுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பெயரையே அறிவித்தேன்.

மறுநாள் அவன் மக்கள் முடிவை எதிர்த்துத்தான் கைதூக்கினான். வெட்கங்கெட்டவன், சாயங்காலம் எனக்குப் போன் வேறு செய்தான்.

"நேத்து நியாயமா நடந்துக்கிட்டீங்கக்கா. ரொம்ப நன்றி."